கைகள் உயர்ந்த பிறகு



நெதர்லாந்தில் படிக்கும் நம் சபை வாலிபர் ஒருவர், விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் கேட்டார்: "ஐயா, உட்ரெக்ட் நகரில் ஒரு டிரான்ஸ் இசை இரவுக்குப் போயிருந்தேன். ஆயிரக்கணக்கானோரோடு கைகளை உயர்த்தி நின்றபோது கண்ணீர் வந்தது. நம் ஆராதனையிலும் அதே சிலிர்ப்புதான் வருகிறது. இதில் எது ஆவியானவர்?"

"அது பிசாசின் இசை" என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வளர்ந்த இசை அது. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்தபோது, டியெஸ்டோ என்னும் நெதர்லாந்து டிஜே அவ்வகை இசையையே அளித்தார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 130 முதல் 140 தாளத் துடிப்புகள். ஒரு பாடலின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே வேகத்தில் இணைக்கப்படுவதால் இசை அறுபடுவதில்லை. கூட்டத்தின் முகம் பார்த்தே டிஜே அடுத்த பாடலைத் தெரிந்தெடுக்கிறார். இடையில் டிரம் ஓசை நின்றுவிடும். இன்னிசை மட்டும் மிதக்கும். பின்பு ஒலி படிப்படியாக ஏறும். மூச்சடக்கிக் காத்திருக்கும் கூட்டத்தின்மேல் தாளம் மீண்டும் வந்திறங்கும். அப்போது கைகள் தாமாகவே உயர்கின்றன.

2011-இல் கனடாவின் மொன்றியல் ஆய்வாளர்கள், சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்போரின் மூளையில் டோபமின் சுரப்பதைக் கண்டனர். உச்சத்தில் மட்டுமன்று, அதை எதிர்நோக்கும் கணங்களிலும் அது சுரந்தது. நம்மை அப்படிப் படைத்தவர் தேவனே. ஆகையால் அந்தச் சிலிர்ப்பு பொய்யன்று, பாவமுமன்று.

ஆனால் நம் ஆராதனை மேடையைப் பாருங்கள். அங்கும் டிரம் அடங்குகிறது, கீபோர்டின் சுரம் நீள்கிறது, பின்பு பல்லவி பெருக்கெடுக்கிறது. நாமும் கைகளை உயர்த்துகிறோம். உடனே அதற்கு அபிஷேகம் என்று பெயரிடுகிறோம். இங்கேதான் தவறுகிறோம் என்பது என் கருத்து. எலியா பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தரைக் காணவில்லை. அவர் கேட்டது மெல்லிய சத்தத்தையே. ஆவியானவர் இசையின் வழியாகவும் அசைவாடுவார்; ஆனால் இசையின் ஏற்ற இறக்கத்திற்கு அவர் கட்டுப்பட்டவரல்லர்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அந்த அரங்கில் அருகில் நின்றவர் தம்மை எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்று கேட்கவில்லை என்றார் அவ்வாலிபர். நம் சபையில் அப்படிக் கேட்காதவர் எத்தனை பேர்?

நான் அவருக்குச் சொன்ன மறுமொழி இதுவே: "தம்பி, கைகள் உயர்ந்த நேரத்தை வைத்து அளக்காதே, அவை இறங்கிய பிறகு என்ன செய்கின்றன என்று பார்." பிரியமானவர்களே, பேசாமலிருக்கும் சகோதரனுடைய வீட்டுக் கதவைத் திங்கட்கிழமை காலையில் நம் கை தட்டுமானால், ஞாயிறன்று நம்மைத் தொட்டவர் ஆவியானவரே. தட்டாவிட்டால், நாம் நல்ல இசை கேட்டோம், அவ்வளவுதான்.

கர்த்தர் தாமே நம் கைகளைப் பயன்படுத்துவாராக. ஆமென்.