உடைமைப் பெயரும் ஆங்கில வாயிலும்

ருஷ்ய மொழியின் உடைமைப் பெயர்கள் தமிழ் மாணவனுக்கு அந்நியமானவை. ஆங்கில இலக்கணம் தேறிய பின்னரே அவற்றை அணுகல் வேண்டும் என்பர் சிலர். அட்டனிலோ நுவரெலியாவிலோ லயத்திலிருந்து கற்க வரும் மாணவனிடம் இவ்வாறு கூறுவது கதவை அடைப்பதாகும். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்குப் படிப்படியாக வரத் தொடங்கியதே 1970களில். அங்கு ஆங்கில ஆசிரியர் நெடுங்காலம் அருமை.

கூற்றும் பிழையானது. வீட்டுக்கு 'மோய் தோம்', தாய்க்கு 'மயா மாத்' என, உடைமைப் பொருளின் பாலுக்கேற்ப 'என்' எனும் சொல் அங்கு திரியும். என்றுந் திரியாத ஆங்கில 'மை' இதற்கு எவ்விதம் துணைபுரியும்? நன்னூலோ ஒருமைக்கு 'எனது கை', பன்மைக்கு 'என கைகள்' என உருபு மாறுதலை விதித்துள்ளது. பாலும் வேற்றுமையும் புதியனவே. உடைமைச் சொல் பொருளுக்கு இயைதல் புதிதன்று.

'ஸ்வோய்' இன்னுந் தெளிவான சான்று. 'கந்தன் தன் வீட்டுக்குச் சென்றான்' எனின் வீடு கந்தனுடையது. 'அவனது வீட்டுக்கு' எனின் பிறனுடையதாகலாம். (லயத்து அறை எவருடையது என்பது வேறு வழக்கு!) ஆங்கில 'ஹிஸ்' இரண்டையும் மயக்கும், ருஷ்ய மொழி மயக்காது. உண்மையான இடர், 'நான்', 'நீ' என்பவற்றுடனும் 'ஸ்வோய்' வருதலே. தமிழில் 'தன்' அவ்வாறு வாராது. ஆசிரியர் பாடநேரத்தை அங்கே செலவிடட்டும்.