அட்டை போய்ச் சேர்ந்த பிறகு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் புதிய எச்.ஐ.வி. தொற்று விகிதம் பல ஆண்டுகளாகவே தேசிய சராசரியை விட மிக அதிகம். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பூர்வகுடியினர். ஊசி வழிப் போதைப் பழக்கமே தொற்றின் முதன்மைப் பாதை. இளைஞர்கள் ஏன் பரிசோதனைக்கு வருவதில்லை என்று கேட்டால், 'விழிப்புணர்வு போதாது' என்று நம் துறையினர் பலர் சொல்லிவிடுகிறார்கள். சோம்பேறித்தனமான விடை அது.

சில நூறு பேரே வாழும் பூர்வகுடிக் குடியிருப்பில் சுகாதார நிலையத்தில் பெயர் பதிபவர் சித்தியாக இருப்பார், இல்லையேல் தோழியின் அம்மாவாக இருப்பார். பதினேழு வயதுப் பெண் அங்கே போய் எந்தப் பரிசோதனை வேண்டுமென்று வாய் திறந்து கேட்பாளா? நகரத்து மருத்துவமனைக்குப் போகலாம் என்றால், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோன உறைவிடப் பள்ளிகளில் கடைசியானது மூடப்பட்டதே 1990களில்தான். அரசு நிறுவனம் என்றாலே அவள் பாட்டிக்கு என்ன நினைவு வரும் என்பதை நாம் ஊகிக்கலாம். வான்கூவரிலும் பிரின்ஸ் ஜார்ஜிலும் 2003இல் தொடங்கிய சீடர் ஆய்வு, போதைப்பொருள் பயன்படுத்தும் பூர்வகுடி இளைஞர்களின் தொற்று அபாயத்தை இந்த வரலாற்றோடும், சிறுவயதில் அவர்கள் பட்ட பாலியல் கொடுமையோடும் சேர்த்தே படித்தது.

கருவிகளுக்குக் குறைவில்லை. விரல் நுனி ரத்தத்தை அட்டையில் சொட்டவிட்டுக் காயவைத்து வின்னிபெக்கில் உள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். குளிர்பதனம் வேண்டாம், ரத்தக்குழாய் தேடி ஊசி குத்தத் தெரிந்தவரும் வேண்டாம். ஹெபடைடிஸ் சி சோதனைக்கும் அதே அட்டை உதவும். வீட்டிலேயே செய்துகொள்ளும் சுயபரிசோதனைக்கு 2020 நவம்பரில் அனுமதி கிடைத்தது.

சிக்கல் முடிவு வந்த பிறகு. குடியிருப்புக்குள் சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பு, நகரத்தில் மாகாணத்தின் பொறுப்பு. இளைஞர்களோ இரண்டுக்கும் நடுவே அலைபவர்கள். அவர்களுடைய மருத்துவக் கோப்பு கூடவே போவதில்லை. சஸ்காச்சுவானின் பிக் ரிவர் பூர்வகுடிச் சமூகம் பரிசோதனை, மருந்து, சகத்துணை மூன்றையும் ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டது இந்த இடைவெளியை அறிந்துதான். கென்யாவில் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் நலம் விசாரித்து, 'சிரமம்' என்று பதில் வந்தால் செவிலியர் அழைத்துப் பேசும் ஏற்பாடு ஒன்று இருந்தது. மருந்தை விடாமல் உட்கொள்ள அது உதவியது என 2010இல் நிறுவப்பட்டது. சீடர் குழுவினர் அதைத் தங்கள் இளைஞர்களிடமும் முயன்று பார்த்தார்கள். செலவு அதிகமில்லை, கேட்பதற்கு ஓர் ஆள்தான் வேண்டும். நிதி கொடுப்பவர்கள் மிகவும் தயங்குவதும் அந்த ஆளுக்குச் சம்பளம் தரத்தான்.

எத்தனை அட்டைகள் அனுப்பினோம் என்ற கணக்கோடு நிற்கும் திட்ட அறிக்கைகள் இந்த இதழுக்கும் நிறைய வருகின்றன. இனி இரண்டு விவரங்களைச் சேர்த்து அனுப்புங்கள்: தொற்று உறுதியானவர் முதல் மாத்திரை உட்கொள்ள எத்தனை நாள் ஆனது, ஆறு மாதம் கழித்து அவருடைய வைரஸ் அளவு என்ன.