திராட்சை விதை எண்ணெய் அவசியமா?

இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரின் குடும்பத்தினர், சமையலுக்குத் திராட்சை விதை எண்ணெய் வாங்க வேண்டுமா என்று எம்மிடம் அடிக்கடி வினவுகின்றனர். வாங்கலாம், ஆனால் கட்டாயமன்று என்பதே எம் கருத்து.

ஒயின் தயாரிப்பில் எஞ்சும் விதைகளிலிருந்து பெறப்படும் இவ்வெண்ணெயில் ஏறத்தாழ 70 விழுக்காடு லினோலிக் அமிலம் உள்ளது. நெய்க்கும் வனஸ்பதிக்கும் மாற்றாகக் கொண்டால், இது இரத்தத்தின் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். வைட்டமின் ஈ-யும் உண்டு. ஆயினும் ஒமேகா-3 மிகச் சொற்பம். பழத்தோலின் நற்கூறுகளும் பெரும்பாலும் எண்ணெயில் சேர்வதில்லை. நாம் அறிந்த சூரியகாந்தி எண்ணெயிலும் லினோலிக் அமிலம் மிகுதி, விலையோ குறைவு.

தனி மணம் இல்லாததால் தாளிக்கவும், காய்கறி வதக்கவும், எலுமிச்சைச் சாற்றுடன் சாலட்டில் கலக்கவும் இது ஏற்றது. எனினும், ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்சலாகாது.

எந்த எண்ணெயாயினும் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. ஆகவே, வீட்டிலுள்ள எண்ணெயையே ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 தேக்கரண்டி என அளந்து ஊற்றுங்கள். மிஞ்சும் பணத்தில் கீரையும் பழமும் மீனும் வாங்குங்கள். நோயாளிக்கு அதுவே மிகுந்த நன்மை தரும்.