மீட்டர் 48,000... டேஷ்போர்டு பில் 71,000! எதை நம்புவது?

'ரிட்டயர்மென்ட் பணத்தில் பழைய டெம்போ டிராவலர் ஒன்று வாங்கி, பின்பக்கம் படுக்கையும் சின்ன சமையல் மேடையும் போட்டு, குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போக ஆசை. தாம்பரத்தில் ஒரு வேன் பிடித்துவிட்டது. மீட்டரில் 48,000 கிலோமீட்டர். ஆனால், டேஷ்போர்டுக்குள் கிடந்த 2021-ம் வருட சர்வீஸ் பில்லில் 71,000 என்று இருக்கிறது. விற்பவரைக் கேட்டால், பில் எழுதினவர் தப்பு என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?' - பெருங்களத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் சார்.

டிஜிட்டல் மீட்டரில் தெரிவது, உள்ளே ஒரு மெமரி சிப்பில் பதிவான எண். லேப்டாப்பும் கேபிளும் இருந்தால் அதை மாற்றி எழுதிவிடலாம். நம் ஆர்.சி புத்தகத்திலோ கிலோமீட்டருக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. பெல்ஜியத்தில் 2006 முதல் 'கார்-பாஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. வண்டி சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் கிலோமீட்டர் பதிவாகும், விற்கும்போது அந்தச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். நமக்கு அது இல்லாததால், துப்பறியும் வேலை வாங்குபவர் தலையில்தான்.

மீட்டரை விட்டுவிட்டு, முதலில் கணக்குப் போடுங்கள். வேன் மஞ்சள் போர்டில் ஐ.டி கம்பெனி ஸ்டாஃப் டிரிப் அடித்ததா? தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆருக்கு ஒரு நடை 25 கிலோமீட்டர் என்று வைத்தாலும், நாளுக்கு நாலு நடை என்றால் 100. வருடத்தில் 300 நாள் என்றால் 30,000. இரண்டே வருடத்தில் 48,000 தாண்டிவிடும்! உங்கள் பில்லையே எடுத்துக்கொண்டால், 71,000-க்குப் பிறகு வருடம் 15,000 ஓடியிருந்தாலும் வண்டி இப்போது லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த வண்டிக்கு கிளட்ச், டர்போ, சஸ்பென்ஷன் செலவு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

டயரையும் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தாலோ, புத்தம் புதிதாக மாற்றியிருந்தாலோ, இரண்டுமே கேள்விக்குரியவைதான். விற்பவரையும் அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் நம்பரை வைத்து பழைய சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். வர மறுத்தால், அதுவே பாதி பதில்.

ஒரு நியாயமான காரணமும் இருக்கலாம். மீட்டர் பாக்ஸ் பழுதாகி மாற்றினால், புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்படியானால் மாற்றிய பில் இருக்க வேண்டும். ஆனால், நம்ம ஏரியாவில் இந்தக் காரணத்தைக் கேட்டால் எனக்கு அடுத்த சந்தேகம் வரும்... எதனால் பழுதானது? 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. மூழ்கிய வண்டியில் முதலில் போவது எலெக்ட்ரிக்கல் சாமான்கள்தான். தரை மேட்டைத் தூக்கி, அடியில் வண்டல் இருக்கிறதா, சீட் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கதவை மூடி ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈர வாடை வந்தால் தெரிந்துவிடும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். கிலோமீட்டர் குறைத்த வண்டியையாவது விலை பேசி வாங்கலாம், மூழ்கிய வண்டி வேண்டவே வேண்டாம்!

இன்னொன்று. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. படுக்கை போடும் முன் தாம்பரம் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விற்பவர் டீலரா, தனிநபரா என்பதும் முக்கியம். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ-வின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். தன்னிடம் இருக்கும் வண்டி எதற்காக, எவ்வளவு தூரம் ஓடியது என்று பதிவேடும் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். யாரிடம் வாங்கினாலும், விற்பனை ஒப்பந்தத்தில் 'மீட்டர் ரீடிங் இவ்வளவு, இது உண்மையான ஓட்டம்' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் ஏமாற்றியது தெரிந்தால், டீலர்மீது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். தனிநபரிடம் வாங்கியிருந்தால் போலீஸில் மோசடிப் புகாரோ, சிவில் வழக்கோதான். அப்போது உங்கள் கையில் இருக்கப்போகும் ஆதாரம் அந்த ஒரு வரியும், டேஷ்போர்டில் கிடைத்த பில்லும்தான். அந்த பில்லை இன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.