கிணற்று மோட்டருக்குத் தனி ட்ரிப் சுவிட்ச்

இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கு,

புதிய மின்னிணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது வீட்டு வயரிங்குக்குச் சோதனை அறிக்கை கேட்கப்படுகிறது. வீட்டிலேயே ஆபத்து கூடிய கருவியான கிணற்று மோட்டரோ பெரும்பாலும் அந்தச் சோதனைக்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. லிங்கநகர் போன்ற கடலோரக் குடியிருப்பில் அது ஈரத்திலும் உப்புக் காற்றிலும் கிடக்கிறது. கிணற்றுக்கட்டில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜொயின்ட். இரண்டு முனைப் பிளக்குக்குத் தோதாக வெட்டிவிட்ட பச்சை மஞ்சள் ஏர்த் வயர். அதைத் தொடுகிறவர் ஈரக் கையோடு, வெறுங்காலோடு நிற்கிறார்.

பியூஸ் இருக்கிறதே என்பார்கள். பியூஸ் காப்பது வயரை, ஆளை அல்ல. கசிவு கண்டதும் மின்சாரத்தை நிறுத்தி ஆளைக் காக்கும் ட்ரிப் சுவிட்சுக்கு வைத்த எல்லை 30 மில்லி அம்பியர். 13 அம்பியர் பியூஸ் அதைப்போல் நானூறு மடங்குக்கு மேல் போனாலும் பேசாமல் இருக்கும். ஏர்த் இருக்கிறதே என்பது அடுத்த ஆறுதல். நம் நாட்டில் ஒவ்வொரு வீடும் தன் வளவிலேயே ஏர்த் கம்பியை இறக்கிக்கொள்கிறது. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் 50 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். காயில் பழுதாகி 230 வோல்ட் மோட்டரின் உடலில் ஏறினால் மண்ணுக்குப் போவது 4.6 அம்பியர்தான். பியூஸ் உருகாது, மோட்டர் ஓடிக்கொண்டும் இருக்கலாம், அதன் இரும்பு முழுக்கக் கறன்ட். மழையில்லா மாதங்களில் மணல் காயக் காய இந்தத் தடை இன்னும் கூடும்.

ட்ரிப் சுவிட்ச் ஏற்கனவே வீடுகளில் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். சிக்கலே அங்குதான். முழு வீட்டுக்கும் ஒன்றே ஒன்று இருப்பதால், மோட்டரில் சிறு கசிவு வந்தாலும் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் நின்றுவிடுகின்றன. இரண்டு இரவு இருட்டில் இருந்தவர் மூன்றாம் நாள் அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்கச் சொல்வார். கொடுக்கவும் ஆள் இருக்கிறது. அவரைத் திட்டிப் பயனில்லை, அப்படிச் செய்யத் தூண்டுவது அமைப்புத்தான். மோட்டருக்கென்று 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், வீட்டுச் சுவிட்சுக்குப் பின்னால் அல்லாமல் தனி இணைப்பில் இருந்தால் கசியும்போது மோட்டர் மட்டும் நிற்கும், பழுது எங்கே என்பதும் உடனே தெரியும்.

மோட்டர் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கறன்ட் இழுக்கும், அதனால் வீணாக ட்ரிப் ஆகும் என்று சில கடைக்காரர் சொல்வது சரியல்ல. ட்ரிப் சுவிட்ச் போன கறன்டையும் திரும்பிய கறன்டையும் ஒப்பிடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் இரண்டும் சமமாக இருந்தால் அசையாது. அசைந்தால் பெரும்பாலும் எங்கோ கசிகிறது என்று பொருள். செலவு என்ற மறுப்பில் மட்டும் நியாயம் உண்டு. ஏழை வீட்டுக்கு ஒரு சுவிட்சும் பாரம்தான். ஆகவே சட்டத்தின் சுமையை வாங்குபவர் தலையில் வைக்காமல், விற்பனையிலேயே வையுங்கள்.

மின் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் பொறுப்பு உங்கள் ஆணைக்குழுவுடையது. வீட்டுத் தண்ணீர் மோட்டர் எதுவும் தனி ட்ரிப் சுவிட்சும் ஓவர்லோட் காப்பும் இல்லாமல் விற்கப்படக் கூடாது என்று விதி செய்யுங்கள். அதைப் பொருத்தும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியிலேயே அச்சிடச் சொல்லுங்கள். மாரி மழை தொடங்குமுன் இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிங்கநகர் மின்பாவனையாளர் ஒருவர்
திருகோணமலை