பின்னால் நகரும் மேடை

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. பெர்முடா புல் என்ற பெயரில் கோல்ஃப் மைதானங்களில் அது கோலோச்சுகிறது. அங்கே அதற்கு நடக்கும் ராஜ உபசாரம் தெரிய வேண்டுமானால், புதிதாக ஒரு 'டீ' கட்டும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் முதல் பந்தை அடிக்கும் மேடைதான் டீ.

பார்வைக்குத் திண்ணை மாதிரி இருந்தாலும் கட்டுவது லேசான காரியமல்ல. மண்ணைக் கொட்டி இறுக்கி, வடிகால் குழாயும் ஜல்லியும் பதித்து, மேலே மணல் கலந்த மண்ணைப் பரப்ப வேண்டும். நிற்பவருக்குச் சமதளம், மழைநீருக்கு மட்டும் புரியும் சரிவு. இரும்பு மட்டை வீச்சுக்கு வீச்சு புல்லைப் பெயர்த்துவிடும் என்பதால், அடிக்கும் இடத்தை நாள்தோறும் மாற்ற மேடை விசாலமாக இருக்க வேண்டும். நிழல் விழுந்தால் அருகம்புல் சோர்ந்துவிடும். அதனால் புது டீ என்றதும் பல இடங்களில் கோடரி முதலில் வந்து நிற்கும்.

இத்தனை பாடு எதற்கு? மட்டையும் பந்தும் நவீனமாகிவிட்டதால் பந்து வெகுதூரம் பறக்கிறது. பழைய மைதானங்கள் போதவில்லை. அமெரிக்காவின் அகஸ்டா கிளப், பக்கத்து கிளப்பிடம் நிலம் வாங்கி, 13ஆவது குழியின் டீயை 2023இல் 35 கெஜம் பின்னுக்குத் தள்ளியது. விதிகளை வகுக்கும் அமைப்புகளோ அதே ஆண்டு டிசம்பரில், பந்துக்கே கடிவாளம் போடப்போவதாக அறிவித்தன.

தில்லிக்கு அகஸ்டாவின் வசதி இல்லை. மந்திர் மார்க்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தில்லி கோல்ஃப் கிளப் அரசின் குத்தகை நிலம். சுற்றிலும் நகரம். உள்ளே மரங்களும் மயில்களும் லால் பங்களா போன்ற முகலாயர் காலக் கல்லறைகளும். 1970களில் பீட்டர் தாம்சனும் 2019இல் கேரி பிளேயரும் மைதானத்தை மாற்றி அமைத்தார்கள். ஆனால் எல்லையைத் தாண்ட யாராலும் முடியாது.

அதனால் என்ன குறைந்துவிட்டது? 2025 அக்டோபரில் இங்கே நடந்த சர்வதேசப் போட்டிக்கு வந்த ரோரி மெக்கில்ராய், தன் பிரம்மாஸ்திரமான டிரைவர் மட்டைக்கு இங்கே வேலையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மைதானத்தின் நீளம் 7,000 கெஜத்துக்கும் குறைவு. ஆனால் பாதை குறுகல்; இருபுறமும் புதர். டாமி ஃப்ளீட்வுட் வென்றது பலத்தைவிடக் குறி தப்பாத அடியால்தான்.

பின்னால் போடும் டீ, விரல்விட்டு எண்ணக்கூடிய பலசாலிகளுக்கு. அதே மண்ணையும் புல்லையும் முன்னால் போட்டால் பெண்களும் சிறுவர்களும் ஓய்வுபெற்றவர்களும் சுகமாக ஆடுவார்கள். மைதானம் நீளாது, மரம் தப்பும், தண்ணீர் பாய்ச்ச வேண்டிய பரப்பும் பெருகாது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசைகட்டும் தலைநகரில் இது சின்ன லாபமல்ல.