வேடம் மாற்றும் வைரஸ்



"என் வாப்பாவுக்கு இரண்டு ஊசியும் போட்ட பிறகுதான் கொரோனா வந்தது. அப்படியானால் ஊசியால் என்ன பயன்?" என்று இரணியலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

ஊசியின் வாயிலாக நம் உடல் அக்கிருமியின் மேலுள்ள முட்களின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. கிருமி வரும்போது அந்த முட்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களை ஏவுகிறது. கொரோனாவின் மரபுச் செய்தியில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் உள்ளன. கிருமி பெருகும்போது அவற்றைப் படியெடுப்பதில் பிழைகள் நேர்கின்றன. தறியின் ஒலி அறிந்த இரணியலாருக்குச் சொல்வதானால், இழை பிசகினால் துணி கெடும்; இங்கேயும் பெரும்பாலும் அப்படித்தான். ஆயினும் எப்போதோ ஒரு பிசகு முள்ளின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடுகிறது. பழைய புரதத்தின் பிடி நழுவுகிறது. 2021 நவம்பரில் வெளிப்பட்ட ஒமிக்ரானின் முள்ளில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன!

இதை எவ்வாறு கண்டறிகிறார்கள்? ஒரே மாதிரியின் மரபணு எழுத்துகளை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வாசிக்கும் முறை வந்திருக்கிறது. பெருங்கூட்டத்தினிடையே நூற்றில் ஒன்றிரண்டாக ஒளிந்திருக்கும் மாறுபட்ட கிருமியும் இதில் அகப்பட்டுவிடும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரவீந்திர குப்தா குழுவினர், எதிர்ப்பாற்றல் குன்றிய ஒரு நோயாளியிடம் 101 நாட்களில் 23 முறை மாதிரி எடுத்து இவ்வாறு ஆராய்ந்தனர். ஆய்வு 2021-இல் வெளிவந்தது. முதல் இரு மாதங்கள் பெரிய மாற்றமில்லை. நோயிலிருந்து மீண்டவர்களின் குருதிநீரைச் செலுத்தியதும், முள்ளில் மாறுதல் கொண்ட கிருமிகள் மேலோங்கின. அதன் வீரியம் தணிந்ததும் அவையும் குறைந்தன. மறுபடி செலுத்தியபோது மீண்டும் தலைதூக்கின. கிருமிக்குத் திட்டம் தீட்டும் மதியில்லை. பிடிபடாதது எஞ்சுகிறது, அவ்வளவே. அந்த நோயாளி பிழைக்கவில்லை.

இப்படிப்பட்ட மாற்றங்களைக் கண்காணிக்க இந்தியாவில் 2020 டிசம்பரில் ஆய்வகங்களின் கூட்டமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழக அரசும் சென்னையில் தனக்கென ஒரு மரபணு ஆய்வகத்தைத் திறந்தது. அதற்குமுன் நம் மாதிரிகள் வெளிமாநிலம் போய்வர வேண்டியிருந்தது.

சகோதரியின் கேள்விக்கு வருவோம். புரதத்தின் பிடி நழுவினாலும், கிருமி புகுந்த செல்களை அழிக்கும் வெள்ளணுக்கள் உண்டு. அவை முள்ளின் பல துண்டுகளை அடையாளம் காண்பவை. அத்தனையையும் கிருமி ஒருசேர மாற்றிக்கொள்வது கடினம். ஆகவேதான் ஊசி போட்டவர்க்கும் காய்ச்சல் வருகிறது. ஆனால் மூச்சுத்திணறலும் மரணமும் அவர்களிடையே வெகுவாகக் குறைந்தன. வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவரோ இருந்தால் மட்டும் கணக்கு வேறு. அவர்களின் காய்ச்சல் நீடித்தால், "ஊசிதான் போட்டாயிற்றே" என்று வீட்டிலேயே வைத்திராமல், மருத்துவரிடம் அந்தச் சிகிச்சையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.